டிஸ்போஸ் செய்த பிறகும் மெமரி இறங்கவில்லை: கன்டெய்னர் எதைப் பிடித்து வைத்திருக்கிறது?

வெயில்கோடு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன், யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

டாட்நெட் 8-ல் ஒரு பேக்கிரவுண்ட் சர்வீஸ் ஓடுகிறது. மெசேஜ் க்யூவான ரேபிட்எம்க்யூவிலிருந்து ஒரு மெசேஜ் எடுக்கும், அதிலுள்ள விவரத்தை வைத்து பில்லைப் பிடிஎஃப் ஆக்கும், மெயிலில் அனுப்பும், அடுத்த மெசேஜுக்குப் போகும். பிடிஎஃப் செய்கிற கிளாஸுக்கு பில்மேக்கர் என்று பெயர் வைத்திருக்கிறேன். உள்ளே 64 கேபி பைட் அரே ஒன்று, தற்காலிக ஃபைல் ஸ்ட்ரீம் ஒன்று. ஃபைலை மூட வேண்டும் என்பதால் ஐடிஸ்போசபிளை இம்ப்ளிமென்ட் செய்திருக்கிறேன். ஒவ்வொரு பில்லுக்கும் புதிது வேண்டும் என்பதால் கன்டெய்னரில், அதாவது ஆப்ஜெக்ட்களை உருவாக்கித் தரும் டாட்நெட்டின் டிபென்டென்சி இன்ஜெக்ஷன் கன்டெய்னரில், டிரான்சியன்ட்டாக ரெஜிஸ்டர் செய்திருக்கிறேன்.

சர்வீஸின் கன்ஸ்ட்ரக்டரில் ஐசர்வீஸ்ப்ரொவைடரை வாங்கி வைத்துக்கொண்டு, மெசேஜ் வரும்போதெல்லாம் அதனிடமிருந்து பில்மேக்கரை ரிசால்வ் செய்கிறேன், அதாவது கேட்டு வாங்குகிறேன்.

குபெர்னெட்டிஸில் மெமரி லிமிட் 512 எம்பி. காலையில் அமைதியாக ஆரம்பிக்கும். மாலை ஐந்து மணி வாக்கில், ஏறக்குறைய 5,700 பில் முடிந்ததும், அவுட்ஆஃப்மெமரி எக்செப்ஷன். முதலில் நான் டிஸ்போஸ் கூப்பிடவே இல்லை. அது தப்பு என்று புரிந்து, வேலை முடிந்ததும் டிஸ்போஸைத் தானாகக் கூப்பிடும் யூசிங் போட்டேன். இப்போது தற்காலிக ஃபைல்கள் ஒழுங்காக மூடப்படுகின்றன. ஆனால் மெமரி மட்டும் பழைய வேகத்திலேயே ஏறுகிறது. டிஸ்போஸ் ஆகிவிட்ட ஆப்ஜெக்டை இன்னும் யார் பிடித்து வைத்திருப்பது?


நள்ளிரவுநிரலர் எழுதியது:

ஒவ்வொரு நூறு மெசேஜுக்கு ஒருமுறை ஜிசி (கார்பேஜ் கலெக்டர், பயன்படாத மெமரியைத் திரும்ப எடுப்பது) கலெக்ட் கூப்பிட்டுப் பாருங்கள். எங்கள் புராஜெக்ட்டில் அப்படித்தான் சமாளித்தோம்.


பழையபனை எழுதியது:

ஜிசியைக் கூப்பிட்டுப் பயனில்லை. யாராவது ஒருவர் ரெஃபரன்ஸ் வைத்திருக்கும் வரை ஜிசி எத்தனை முறை சுற்றி வந்தாலும் அந்த ஆப்ஜெக்டைத் தொடாது. டிஸ்போஸுக்கும் மெமரி விடுதலைக்கும் நேரடிச் சம்பந்தமே இல்லை, தம்பி. டிஸ்போஸ் என்பது நீங்கள் எழுதிய ஒரு சாதாரண மெத்தட். ஃபைலை மூடச் சொன்னீர்கள், மூடியது. பைட் அரே அந்த ஆப்ஜெக்டோடுதான் இருக்கிறது, ஆப்ஜெக்ட் போனால்தான் அதுவும் போகும்.

யார் பிடித்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. ஆனால் ஊகத்தில் பதில் சொல்லக் கூடாது. டாட்நெட் டம்ப் கருவியால் ஓடுகிற பிராசஸை ஒரு டம்ப் எடுங்கள். அதில் டம்ப்ஹீப்பை ஸ்டாட் ஆப்ஷனோடு ஓட்டினால் எந்த டைப்பில் எத்தனை ஆப்ஜெக்ட் என்று தெரியும். பில்மேக்கர் ஒன்றின் முகவரியை எடுத்து ஜிசிரூட் கொடுங்கள், அதை யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும். வருவதை இங்கே போடுங்கள்.

கணக்கு ஒன்று மட்டும் இப்போதே சொல்கிறேன். குபெர்னெட்டிஸ் கன்டெய்னருக்கு (இது வேறு கன்டெய்னர், உங்கள் பிராசஸ் ஓடும் பெட்டி) மெமரி லிமிட் வைத்திருந்தால் டாட்நெட் தன் ஹீப்புக்கு, அதாவது ஆப்ஜெக்ட்கள் இருக்கும் மெமரிக்கு, அதில் 75 சதவீதத்தைத்தான் எல்லையாக வைத்துக்கொள்ளும். 512-ல் 384 எம்பி. அதை 64 கேபியால் வகுத்தால் 6,144. நீங்கள் சொன்ன 5,700 அதற்குப் பக்கத்தில் இருக்கிறது, மீதி இடத்தை மற்றவை எடுத்திருக்கும். அதாவது காலையிலிருந்து செய்த ஒரு பில்மேக்கர்கூடப் போகவில்லை. பாட், அதாவது குபெர்னெட்டிஸில் உங்கள் சர்வீஸ் ஓடும் இடம், மெமரி லிமிட்டைத் தாண்டி 137 என்ற எண்ணோடு கொல்லப்படாமல் எக்செப்ஷனாக வருவதற்கும் இந்த 75 சதவீதம்தான் காரணம்.


வெயில்கோடு எழுதியது:

நீங்கள் சொன்னபடி மதியம் மூன்று மணிக்கு எடுத்தேன், அண்ணா. ஹீப்பில் பில்மேக்கர் 4,118. அந்த நேரத்தில் லாகில் முடிந்த பில் 4,118. ஒன்றுகூடக் குறையவில்லை.

ஜிசிரூட் காட்டிய சங்கிலியைக் கீழிருந்து மேலே எழுதுகிறேன். பில்மேக்கர், அதற்கு மேல் ஆப்ஜெக்ட் அரே, அதற்கு மேல் லிஸ்ட், அதற்கு மேல் சர்வீஸ்ப்ரொவைடர்என்ஜின்ஸ்கோப், அதற்கு மேல் சர்வீஸ்ப்ரொவைடர். இந்த என்ஜின்ஸ்கோப் என்பது நான் எழுதியதில்லை. இது எங்கிருந்து வந்தது?


பழையபனை எழுதியது:

அதுதான். ஊகம் சரியாகப் போயிற்று.

மைக்ரோசாஃப்ட் தரும் கன்டெய்னரின் விதி இது: நான் உருவாக்கிய டிஸ்போசபிள் எதுவானாலும் அதை மூடும் பொறுப்பும் என்னுடையது. அதனால் ஐடிஸ்போசபிள் உள்ள ஒவ்வொன்றையும் உருவாக்கிக் கொடுக்கும்போதே தன்னிடமுள்ள லிஸ்டில் எழுதி வைத்துக்கொள்ளும். டிரான்சியன்டையும் எழுதும். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. டிரான்சியன்ட் என்றால் கேட்கும்போதெல்லாம் புதிது என்று மட்டும்தான் அர்த்தம். உடனே போய்விடும் என்று அர்த்தம் இல்லை.

கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். எடுத்துப்போகும் ஒவ்வொரு அண்டாவும் நோட்டில் ஏறும். இந்தக் கடையில் ஒரே குறை, நோட்டில் ஒரு வரியை மட்டும் அடிக்க வழி கிடையாது. நீங்கள் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டீர்கள், அதுதான் யூசிங். கடைக்காரருக்கு அது தெரியாது. நோட்டு மொத்தமாக மூடப்படும் அன்றைக்குத்தான் கணக்குத் தீரும்.

அந்த நோட்டு எப்போது மூடும் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் எங்கிருந்து கேட்டீர்கள் என்பது. வெப் ரிக்வெஸ்டுக்குள் கேட்டால் அந்த ரிக்வெஸ்டின் ஸ்கோப்பில், அதாவது அந்த ரிக்வெஸ்டுக்கென்று திறக்கும் தனி நோட்டில், எழுதப்படும். ரிக்வெஸ்ட் முடிந்ததும் ஸ்கோப் மூடும், லிஸ்டும் போய்விடும். உங்களுடையது பேக்கிரவுண்ட் சர்வீஸ். அது சிங்கிள்டன், அப்ளிகேஷன் முழுவதுக்கும் ஒன்றே ஒன்று. சிங்கிள்டனின் கன்ஸ்ட்ரக்டருக்கு வரும் ஐசர்வீஸ்ப்ரொவைடர் ரூட் ப்ரொவைடர். ரூட்டின் நோட்டு அப்ளிகேஷன் நிற்கும்போதுதான் மூடும். நீங்கள் டம்பில் பார்த்த என்ஜின்ஸ்கோப் அந்த ரூட் ஸ்கோப்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாலையில் சர்வீஸை நிறுத்தினால் ரூட் அதுவரை உருவாக்கிய அத்தனை பில்மேக்கரையும் கடைசியிலிருந்து முதல் வரை மறுபடி டிஸ்போஸ் செய்யும். அதனால் டிஸ்போஸை இரண்டு முறை கூப்பிட்டாலும் தாங்குமாறு எழுதியிருக்க வேண்டும்.

தீர்வு: ஐசர்வீஸ்ப்ரொவைடருக்குப் பதிலாக ஐசர்வீஸ்ஸ்கோப்ஃபேக்டரியை வாங்குங்கள். மெசேஜ் வந்ததும் ஒரு ஸ்கோப் உருவாக்குங்கள், அந்த ஸ்கோப்பிடம் பில்மேக்கரைக் கேளுங்கள், வேலை முடிந்ததும் ஸ்கோப்பை மூடுங்கள். பில்மேக்கருக்கு இப்போது போட்டிருக்கும் யூசிங்கை எடுத்துவிடுங்கள். கன்டெய்னர் கொடுத்ததைக் கன்டெய்னர்தான் மூட வேண்டும், நீங்கள் மூடக் கூடாது.


நள்ளிரவுநிரலர் எழுதியது:

நான் மேலே சொன்னது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஒரு கேள்வி. டிஸ்போஸுக்குள்ளேயே அந்த பைட் அரேயை நல் ஆக்கிவிட்டால் போதாதா? இத்தனை மாற்றம் தேவைப்படாதே.


பழையபனை எழுதியது:

64 கேபி போகும், பில்மேக்கரின் கூடு போகாது. அதற்கான வரியும் லிஸ்டில் எட்டு பைட் எடுத்துக்கொண்டு இருக்கும். ஒரு நாளில் விழுந்தது வெகுநாள் கழித்து விழும், அவ்வளவுதான் வித்தியாசம். அப்போது கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.


வெயில்கோடு எழுதியது:

சரி, புரிந்தது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. இதே ரூட்டிலிருந்து ஸ்கோப்ட் (ஒரு ஸ்கோப்புக்கு ஒன்று என்று ரெஜிஸ்டர் செய்த) சர்வீஸ் ஒன்றை ஒருமுறை கேட்டபோது, என் லேப்டாப்பிலேயே, ரூட் ப்ரொவைடரிலிருந்து ஸ்கோப்ட் சர்வீஸை ரிசால்வ் செய்ய முடியாது என்று எக்செப்ஷன் வந்தது. அப்படியென்றால் காவல் இருக்கிறது. பில்மேக்கரை மட்டும் ஏன் விட்டுவிட்டது?


பழையபனை எழுதியது:

நல்ல கேள்வி. அந்தக் காவலுக்கு வேலிடேட்ஸ்கோப்ஸ் என்று பெயர். டெவலப்மென்ட் சூழலில் தானாகவே இயங்கும், புரொடக்ஷனில் நீங்கள் சொன்னால்தான் இயங்கும். ஆனால் அது பார்ப்பது ஸ்கோப்டை மட்டும். ரூட்டிலிருந்து ஸ்கோப்ட் கேட்டாலும், சிங்கிள்டனுக்குள் ஸ்கோப்ட் மாட்டிக்கொண்டாலும் கத்தும். ரூட்டிலிருந்து டிஸ்போசபிள் டிரான்சியன்ட் கேட்பது அதன் கண்ணில் குற்றமே இல்லை. எக்செப்ஷன் இல்லை, வார்னிங் இல்லை. அதனால்தான் இது லேப்டாப்பில் தெரியாமல் நேராகப் புரொடக்ஷனில் வந்து நிற்கிறது. மைக்ரோசாஃப்டின் வழிகாட்டுதலிலேயே டிஸ்போசபிளை டிரான்சியன்ட்டாக ரெஜிஸ்டர் செய்யாதீர்கள், ஃபேக்டரி வையுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் கன்டெய்னர் அதைக் கட்டாயமாக்கவில்லை.

சிம்பிள் இன்ஜெக்டர் என்ற இன்னொரு டாட்நெட் கன்டெய்னர் இதில் நேர்மாறு. அதில் டிஸ்போசபிள் ஒன்றை டிரான்சியன்ட்டாகப் போட்டுவிட்டு வெரிஃபை கூப்பிட்டால் அங்கேயே நிறுத்திவிடும். ஏனென்றால் அது டிரான்சியன்டை நோட்டில் எழுதுவதே இல்லை. நான் மூட மாட்டேன், நீங்களும் மூட மறப்பீர்கள், ஆகவே வேண்டாம் என்ற நிலைப்பாடு. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.


காவிரிக்கரை எழுதியது:

ஜாவா பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்கின் கன்டெய்னரில் டிரான்சியன்டுக்கு நிகரானது புரோட்டோடைப் ஸ்கோப். அதில் கதை தலைகீழ். புரோட்டோடைப் பீனை (ஸ்பிரிங் உருவாக்கும் ஆப்ஜெக்டுக்குப் பெயர் பீன்) உருவாக்கும், தேவையானதை உள்ளே வைக்கும், போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் மெத்தடைக் கூப்பிடும், கையில் கொடுக்கும், அதோடு மறந்துவிடும். மூடும் மெத்தடுக்கு மேல் ப்ரீடிஸ்ட்ராய் என்று எழுதி வைத்திருந்தாலும் புரோட்டோடைப்புக்கு அதைக் கூப்பிடவே கூப்பிடாது. மெமரி லீக் வராது, பதிலாக வேறொன்று வரும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் தினமும் இரவு வேறொரு நிறுவனத்தின் எஸ்எஃப்டிபி சர்வருக்கு ஃபைல் அனுப்புவோம். ஃபைல் அனுப்பும் கிளாஸை புரோட்டோடைப்பாக வைத்து, செஷனை மூடும் வரியை ப்ரீடிஸ்ட்ராய் மெத்தடில் எழுதியிருந்தேன். அனோட்டேஷன் கண்முன் இருந்ததால் ரிவ்யூ செய்தவர்கள் யாரும் சந்தேகப்படவில்லை, நானும்தான். அந்தப் பக்கம் ஒரு யூசருக்கு 20 செஷன் என்று வரம்பு. தினமும் பன்னிரண்டு, பதினைந்து ஃபைல்தான் போகும், ஓடி முடிந்ததும் ஜேவிஎம் நின்றுவிடும், செஷன்களும் அறுந்துவிடும். மாதக் கடைசியில் 31 ஃபைல். இருபத்தோராவது ஃபைலில் கனெக்ஷன் மறுக்கப்பட்டது. அந்த ஒரு மெத்தடுக்குள் லாக் வரி ஒன்று போட்டுப் பார்த்த பிறகுதான் அது ஒருமுறைகூட ஓடியதில்லை என்று தெரிந்தது. அதற்கு முன் நெட்வொர்க் ஆட்களோடு இரண்டு இரவு பேசிக்கொண்டிருந்தேன்.

டாட்நெட்டில் எழுதி வைத்துக்கொண்டு விட மறுக்கிறது, ஸ்பிரிங்கில் எழுதாமலேயே விட்டுவிடுகிறது. இரண்டில் எது மேல் என்று கேட்டால் எனக்கு ஸ்பிரிங்தான். அது தன் டாக்குமென்டில் தெளிவாகவே சொல்கிறது, புரோட்டோடைப்பை மூடுவது கேட்டவர் பொறுப்பு என்று. நான் படிக்காமல் விட்டேன்.


பழையபனை எழுதியது:

அக்கா, டாக்குமென்டில் இருக்கிறது என்பது எனக்குப் போதவில்லை. ப்ரீடிஸ்ட்ராயைப் புரோட்டோடைப் பீனில் எழுதினால் ஸ்டார்ட் ஆகும்போதே கத்தியிருக்க வேண்டும். ஓடாத ஒரு மெத்தடை எழுதவிட்டுப் பேசாமல் இருப்பதும், மூடிய ஆப்ஜெக்டை விடாமல் பிடித்திருப்பதும் எனக்கு ஒரே வகைக் குறைதான்.


காவிரிக்கரை எழுதியது:

அது நியாயம். சிங்கிள்டன் விஷயத்தில் ஸ்பிரிங் அளவுக்கு மீறிய அக்கறை காட்டுவதையும் சொல்ல வேண்டும். அட் பீன் மெத்தடிலிருந்து வரும் ஆப்ஜெக்டில் க்ளோஸ் அல்லது ஷட்டவுன் என்று ஆர்க்யுமென்ட் இல்லாத பப்ளிக் மெத்தட் இருந்தால், நீங்கள் எதுவும் எழுதாமலேயே கடைசியில் அதைக் கூப்பிடும். ஹிக்காரி என்ற டேட்டாபேஸ் கனெக்ஷன் பூல் ஒழுங்காக மூடுவது அதனால்தான். ஆனால் அப்ளிகேஷன் சர்வர் நிர்வகிக்கும் டேட்டாசோர்ஸை, பெயர் சொல்லித் தேடித் தரும் ஜேஎன்டிஐ வழியாக எடுத்து பீனாகக் கொடுத்தால் அதையும் மூடப் போகும். அது நம்முடையது இல்லையே. அங்கே டிஸ்ட்ராய்மெத்தடை வெற்று ஸ்டிரிங்காக வைக்க வேண்டும்.

கூகுளின் ஜாவா கன்டெய்னரான கைஸில் இந்தப் பேச்சே இல்லை. மூடுவதற்கான கால்பேக் அதில் கிடையாது. எல்லாம் உங்கள் கையில்.


தேன்கூடு எழுதியது:

நம்முடையது இல்லை என்றீர்களே, அதையொட்டி என் அனுபவம். டாட்நெட்தான்.

வேறு டீம் கொடுத்த லைப்ரரி ஒன்றில் ஒரு கிளையன்ட். உள்ளே டிசிபி கனெக்ஷன் வைத்திருக்கும், பிராசஸுக்கு ஒன்று போதும், ஸ்டாட்டிக் ப்ராபர்ட்டியில் கிடைக்கும். டெஸ்டுக்கு வசதியாக இருக்கட்டும் என்று நான் அதைக் கன்டெய்னரில் ஸ்கோப்ட் ஃபேக்டரியாகப் போட்டேன். ஃபேக்டரி செய்வதெல்லாம் அந்த ஸ்டாட்டிக்கை எடுத்துத் திருப்பிக் கொடுப்பது. ஒரே ஒரு வரி லாம்டா.

முதல் ரிக்வெஸ்ட் சரியாக ஓடியது. இரண்டாவது ரிக்வெஸ்டிலிருந்து எல்லாமே ஆப்ஜெக்ட் டிஸ்போஸ்ட் எக்செப்ஷன். ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி முதல் ரிக்வெஸ்ட் மட்டும் பிழைக்கும்.

ஃபேக்டரிக்குள் நான் புதிதாகச் செய்தேனா, பழையதை எடுத்துக் கொடுத்தேனா என்று கன்டெய்னருக்குத் தெரிய வழியில்லை. ஃபேக்டரி வழியாக வந்ததெல்லாம் தான் உருவாக்கியது என்றே எடுத்துக்கொள்ளும். ரிக்வெஸ்ட் முடிந்ததும் ஸ்கோப்பின் லிஸ்டிலிருந்த கிளையன்டை மூடிவிட்டது, அந்த ஒரே ஒரு கிளையன்டை. பழையபனை அண்ணா சொன்ன நோட்டில் அடுத்த வீட்டு அண்டாவும் ஏறிவிட்டது.

அதையே சிங்கிள்டன் இன்ஸ்டன்ஸாக, அதாவது ஆப்ஜெக்டையே நேரடியாகக் கொடுத்து ரெஜிஸ்டர் செய்ததும் சரியாகிவிட்டது. அப்படிக் கொடுத்ததைக் கன்டெய்னர் தான் உருவாக்கியதாக நினைப்பதில்லை, மூடுவதும் இல்லை.


பழையபனை எழுதியது:

முக்கியமான விஷயம். ஒரே ஆப்ஜெக்டை இரண்டு இன்டர்ஃபேஸில் கொடுக்க, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஃபேக்டரியால் திருப்பிவிடுவோமே, அங்கேயும் இதேதான். ஒரே ஆப்ஜெக்ட் லிஸ்டில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை டிஸ்போஸ் ஆகும்.

ஆட்டோஃபேக் என்ற டாட்நெட் கன்டெய்னருக்கு மாறுபவர்கள் கவனிக்க வேண்டும்: அதில் ரெஜிஸ்டர் இன்ஸ்டன்ஸ் வழியாகக் கொடுத்ததையும் கன்டெய்னரே ஏற்றுக்கொண்டு மூடும். வேண்டாம் என்றால் எக்ஸ்டர்னலிஓன்ட் என்று சொல்ல வேண்டும். தேன்கூடு செய்த அதே திருத்தம் அங்கே கடைசியில் கிளையன்டை மூடிவிடும். அதேசமயம் ஆட்டோஃபேக்கில் எனக்கு மிகவும் பிடித்தது ஓன்ட் என்ற டைப். பில்மேக்கருக்குப் பதிலாக ஓன்ட் ஆஃப் பில்மேக்கர் என்று கேட்டால், அதற்கென்றே ஒரு குட்டி ஸ்கோப்போடு வரும். அந்த ஓன்டை நீங்கள் டிஸ்போஸ் செய்தால் உள்ளே இருப்பதும் அதற்காக உருவானவையும் சேர்ந்து மூடும். யாருடையது என்பது டைப்பிலேயே எழுதியிருக்கிறது, கமென்ட் தேவையில்லை.

காசில் வின்ட்சர் என்ற இன்னொரு டாட்நெட் கன்டெய்னரில் நோட்டில் ஒரு வரியை அடிக்க வழி இருந்தது, ரிலீஸ் என்று கூப்பிடலாம். ரிசால்வ் செய்தவன் ரிலீஸும் செய்ய வேண்டும் என்பது அந்தக் காலத்து ஒழுக்கம். நான் வின்ட்சரில் வருடக்கணக்கில் வேலை செய்தேன். ரிசால்வ் எழுதிய கை ரிலீஸ் எழுத மறந்துகொண்டே இருந்தது, எங்கள் டீமில் எல்லோருக்கும். ஸ்கோப் என்ற கட்டம் வந்த பிறகுதான் மூடுவது ஒரு இடத்துக்கு வந்து சேர்ந்தது.


வெயில்கோடு எழுதியது:

ஸ்கோப்புக்கு மாற்றிவிட்டேன். மெமரி நின்றுவிட்டது, நன்றி. ஆனால் புதிதாக இரண்டு வந்திருக்கின்றன.

ஒன்று, டேட்டாபேஸ் கனெக்ஷனை வைத்திருக்கும் என் கிளாஸில் ஐஅசிங்க்டிஸ்போசபிள் மட்டும்தான் இருக்கிறது. ஸ்கோப் மூடும்போது, இந்த டைப் ஐஅசிங்க்டிஸ்போசபிளை மட்டுமே இம்ப்ளிமென்ட் செய்கிறது, டிஸ்போஸ்அசிங்க்கைப் பயன்படுத்துங்கள் என்று எக்செப்ஷன்.

இரண்டு, சில மெயில்கள் போவதில்லை. டேட்டாபேஸோடு பேசும் டிபிகான்டெக்ஸ்ட் டிஸ்போஸ் ஆகிவிட்டது என்று லாகில் இருக்கிறது. மெயில் அனுப்ப மூன்று, நான்கு விநாடி ஆகும் என்பதால் அதை டாஸ்க் ரன்னில் விட்டு, அவெயிட் செய்யாமல், அதாவது முடியும்வரை காத்திருக்காமல், அடுத்த மெசேஜுக்குப் போய்விடுவேன். பழைய முறையில் இது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.


பழையபனை எழுதியது:

முதலாவது எளிது. கிரியேட்ஸ்கோப்புக்குப் பதிலாக கிரியேட்அசிங்க்ஸ்கோப், யூசிங்குக்குப் பதிலாக அவெயிட் யூசிங். டாட்நெட் 6-லிருந்து இருக்கிறது.

இரண்டாவது நன்றாக ஓடவில்லை, மறைந்திருந்தது. ரூட் எதையும் மூடாததால் உங்கள் டாஸ்க் கையிலிருந்தது எப்போதும் உயிரோடு இருந்தது. இப்போது மெசேஜ் வேலை முடிந்ததும் ஸ்கோப் மூடுகிறது, மெயில் டாஸ்க் இன்னும் அதிலிருந்த டிபிகான்டெக்ஸ்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. இதைவிடப் பெரிய கேள்வி: ரேபிட்எம்க்யூவுக்கு அக் (வேலை முடிந்தது, மெசேஜை நீக்கிவிடு என்ற ஒப்புதல்) எப்போது அனுப்புகிறீர்கள்?


வெயில்கோடு எழுதியது:

டாஸ்கை விட்ட உடனே. ஐயோ. மெயில் உடைந்தால் மெசேஜும் போய்விடும், அப்படித்தானே. யாரும் திரும்ப அனுப்ப மாட்டார்கள்.


பழையபனை எழுதியது:

ஆமாம். மெயிலை அவெயிட் செய்யுங்கள், பிறகு அக், பிறகு ஸ்கோப் மூடட்டும். வேகம் வேண்டுமென்றால் ஒரே நேரத்தில் நான்கைந்து மெசேஜைக் கையாளுங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்கோப். டிபிகான்டெக்ஸ்ட் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யத் தாங்காது என்பதால் ஸ்கோப்பைப் பகிரவே கூடாது. மெயிலைக் கட்டாயம் தனியாக ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த டாஸ்க் தனக்கென்று புது ஸ்கோப் திறந்துகொள்ளட்டும். அதற்கு ஐடியை மட்டும் கொடுங்கள், என்டிட்டியையோ கான்டெக்ஸ்டையோ கொடுக்காதீர்கள்.


மழைத்துளி எழுதியது:

பைத்தான்காரன் ஒரு வார்த்தை. ஃபாஸ்ட்ஏபிஐ என்ற வெப் ஃபிரேம்வொர்க்கில் இதேதான் எங்களுக்கும். டிபென்ட்ஸில் யீல்ட் போட்டு டேட்டாபேஸ் செஷனைக் கொடுத்து, யீல்டுக்குப் பின்னால் மூடுவோம். 2023 டிசம்பரில் வந்த 0.106 பதிப்பில் அந்த மூடும் பகுதி ரெஸ்பான்ஸ் போவதற்கு முன்பே ஓடுமாறு மாற்றினார்கள். செஷனைப் பேக்கிரவுண்ட் டாஸ்குக்குக் கொடுத்திருந்தவர்கள் அத்தனை பேருக்கும் உடைந்தது. டாஸ்குக்குள்ளேயே புது செஷன் திறப்பதுதான் தீர்வாக இருந்தது, இங்கே அண்ணா சொன்னது போலவே.


தேன்கூடு எழுதியது:

வெயில்கோடு, ஷட்டவுனையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு டெப்ளாய்மென்டிலும் உங்கள் பாட் நிற்கும். கன்டெய்னர் கடைசியில் மூடுவதெல்லாம் அப்போதுதான் நடக்கும்.

குபெர்னெட்டிஸ் முதலில் நிற்கச் சொல்லும் சிக்டெர்ம் அனுப்பி, இயல்பாக 30 விநாடி பொறுத்துப் பிறகு உடனே கொல்லும் சிக்கில் அனுப்பும். வெறும் டாக்கர் ஸ்டாப் என்றால் 10 விநாடிதான். டாட்நெட் ஹோஸ்டின் ஷட்டவுன் டைம்அவுட் டாட்நெட் 6-லிருந்து 30 விநாடி, அதற்கு முன் 5. இரண்டும் 30 என்று இருந்தால் பாருங்கள் என்ன ஆகும். ஏதோ ஒரு சர்வீஸ் நிற்க அடம்பிடித்தால் ஹோஸ்ட் 30 விநாடி முழுவதும் காத்திருக்கும். அதன் பிறகுதான் கன்டெய்னரை டிஸ்போஸ் செய்யப் போகும். அதற்குள் சிக்கில் வந்துவிடும். ஒரு டிஸ்போஸும் ஓடாது. நாங்கள் ஹோஸ்டை 20-க்கு இறக்கி, குபெர்னெட்டிஸை 40-க்கு ஏற்றி வைத்திருக்கிறோம்.

லாக் விஷயமும் இதில் சேரும். எங்கள் ஆடிட் ரைட்டர் 200 வரி சேர்ந்ததும் மொத்தமாக எழுதும், மீதியை டிஸ்போஸில் எழுதும். அதை யாரோ இன்ஸ்டன்ஸாக ரெஜிஸ்டர் செய்திருந்தார்கள். மேலே சொன்ன காரணத்தால் கன்டெய்னர் அதை மூடவே இல்லை. ஒவ்வொரு டெப்ளாய்மென்டிலும் கடைசி நூற்றுச் சில்லறை வரி காணாமல் போனது. எனக்கு உதவிய அதே விதி இங்கே கழுத்தை அறுத்தது. நியூ போட்ட இடத்தை ஃபேக்டரிக்குள் தள்ளியதும் சரியானது.


காவிரிக்கரை எழுதியது:

மூடும் வரிசை பற்றி யாரும் சொல்லவில்லையே. ஸ்பிரிங் எந்த பீன் எதை நம்பியிருக்கிறது என்று குறித்து வைத்திருக்கும். நம்பியிருப்பதை முதலில் மூடும், நம்பப்படுவதைப் பிறகு மூடும். டாட்நெட்டிலும் அப்படித்தானா?


பழையபனை எழுதியது:

இல்லை அக்கா. உருவான வரிசைக்குத் தலைகீழ், அவ்வளவுதான். கன்ஸ்ட்ரக்டர் வழியாக எல்லாம் வந்தால் இரண்டும் ஒன்றுதான், ஏனென்றால் தேவைப்படுவது முதலில் உருவாகும், கடைசியில் மூடும். ஐசர்வீஸ்ப்ரொவைடரைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் தேவைப்படும்போது கேட்கும் பழக்கம் இருந்தால் இது உடையும். ஆடிட் ரைட்டர் முதலில் உருவாகிவிட்டது, எழுதும் நேரத்தில்தான் கனெக்ஷனைக் கேட்டது என்று வையுங்கள். பின்னால் உருவான கனெக்ஷன் முதலில் மூடும். அதன் பிறகு ரைட்டரின் டிஸ்போஸ் மீதி வரிகளை எழுத, மூடிய கனெக்ஷனைத் தட்டும். கனெக்ஷனைக் கன்ஸ்ட்ரக்டரில் வாங்கியிருந்தால் இந்தப் பிரச்சினையே எழாது.


வெயில்கோடு எழுதியது:

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன்.

மெசேஜுக்கு ஒரு அசிங்க் ஸ்கோப், அதற்குள் மெயிலை அவெயிட், பிறகு அக். ஒரே நேரத்தில் நான்கு மெசேஜ். ஐந்து நாளில் 41,000 பில்லுக்கு மேல் போயிருக்கிறது, மெமரி 150-லிருந்து 170 எம்பிக்குள்தான் நிற்கிறது. டம்ப் எடுத்துப் பார்த்தேன், பில்மேக்கர் மூன்று இருந்தது, அந்த நொடியில் வேலை செய்துகொண்டிருந்த மூன்று.

பில்மேக்கரை டிரான்சியன்டிலிருந்தும் எடுத்துவிட்டேன். பில்மேக்கர்ஃபேக்டரி என்று ஒரு சிறிய கிளாஸ், அது ஆக்டிவேட்டர்யூட்டிலிட்டீஸின் கிரியேட்இன்ஸ்டன்ஸால் உருவாக்கித் தருகிறது. அப்படி உருவாவதைக் கன்டெய்னர் லிஸ்டில் எழுதுவதில்லை என்று பார்த்தேன். அதனால் இங்கே மட்டும் யூசிங் என் பொறுப்பு. பழையபனை அண்ணா, இது சரிதானா? ஸ்கோப்பே போதும் என்றால் திரும்ப மாற்றிவிடுகிறேன்.

ஷட்டவுனுக்கு ஹோஸ்ட் 20, குபெர்னெட்டிஸ் 40 வைத்தேன். நேற்று டெப்ளாய் செய்தபோது ஸ்டேஜிங்கில் லாகைத் திறந்து வைத்துப் பார்த்தேன். கையிலிருந்த நான்கு பில்லும் முடிந்து, ஆறு விநாடியில் கன்டெய்னர் மூடியது.


பழையபனை எழுதியது:

சரிதான், அப்படியே இருக்கட்டும். ஃபேக்டரி கொடுப்பது கேட்டவருடையது, கன்ஸ்ட்ரக்டர் வழியாக வருவது கன்டெய்னருடையது. டீமில் இந்த இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். ஒரு சின்னத் திருத்தம்: ஃபேக்டரியை ஸ்கோப்டாக வையுங்கள். சிங்கிள்டனாக வைத்தால் அதற்குள் வரும் ப்ரொவைடர் மறுபடி ரூட். பில்மேக்கரை அது எழுதி வைக்காது, ஆனால் பில்மேக்கரின் கன்ஸ்ட்ரக்டருக்கு வேண்டிய டிஸ்போசபிள் டிரான்சியன்டுகள் ரூட்டின் லிஸ்டில்தான் போய் உட்காரும்.


வெயில்கோடு எழுதியது:

சிங்கிள்டனாகத்தான் வைத்திருந்தேன். இப்போது மாற்றுகிறேன்.